விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி: அது என்ன, அதைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

எங்கள் தெருமுனையில் நகலகம் நடத்தும் அக்கா ஒருநாள் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கடைக் கணினியில் 1,346 பிழைகள் இருக்கின்றனவாம். எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டுகிறது. ‘சரிசெய்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தட்டுமா?” வேண்டாம் அக்கா, நான் வந்து பார்க்கிறேன் என்றேன். போய்ச் சேர மாலையாகிவிட்டது. அதற்குள் கடையில் கூட்டம், கணினி நகரவே மாட்டேன் என்கிறதே என்ற பதற்றம், அழுத்திவிட்டிருந்தார். விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யும் மென்பொருள் ‘உரிமம் காணவில்லை’ என்றது. ஸ்கேனரின் பெயர் பட்டியலிலேயே இல்லை. கணினி காலையில் எவ்வளவு மெதுவாக இருந்ததோ, மாலையிலும் அவ்வளவு மெதுவாகவே இருந்தது.

அவர் இலவசமாகப் பதிவிறக்கியது ஒரு ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’, அதாவது விண்டோஸ் தன் அமைப்புக் குறிப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் வேண்டாத வரிகளை அழிப்பதாகச் சொல்லும் மென்பொருள். ரெஜிஸ்ட்ரி என்பது என்னவென்று தெரியாதவர்களின் அச்சத்தை வைத்தே இந்த வணிகம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அன்று கடையில் அமர்ந்து அக்காவுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். கணினியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குறிப்புகள் சிதறிக் கிடந்த காலம்

ஒரு மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை ஏராளம். எந்த எழுத்துருவில் தொடங்குவது, சாளரம் எவ்வளவு அகலம், கடைசியாகத் திறந்த கோப்பு எது, உரிம எண் என்ன? கணினியை அணைத்தாலும் இவை மறந்துபோகக் கூடாது. விண்டோஸின் தொடக்க காலத்தில் இவற்றை ஐஎன்ஐ கோப்புகள் எனப்படும் சிறிய உரைக் கோப்புகளில் எழுதி வைத்தார்கள். வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ ஆகிய இரண்டும் விண்டோஸுக்கே உரியவை. ஆனால் வந்து இறங்கிய மென்பொருள்களெல்லாம் தங்கள் குறிப்புகளையும் வின்.ஐஎன்ஐக்குள்ளேயே எழுதின. அந்தக் கோப்பு 64 கிலோபைட்டுக்கு மேல் வளர்ந்தால் விண்டோஸால் அதைச் சரிவரக் கையாள முடியாது. ஒரே கணினியை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தினால், யாருடைய விருப்பம் எது என்று பிரித்து வைக்கவும் வழியில்லை.

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ரெஜிஸ்ட்ரி முதன்முதலாகத் தலைகாட்டியது. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது போன்ற சில செய்திகள் மட்டுமே அப்போது அதில் இருந்தன. 1993இல் விண்டோஸ் என்டி 3.1, இயங்குதளம் முழுவதற்குமான பதிவேடாக அதை வளர்த்தது. 1995இல் விண்டோஸ் 95 அதை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இருப்பது என்டி வழி வந்த ரெஜிஸ்ட்ரி. தமிழில் ‘பதிவகம்’ என்றும் எழுதுகிறார்கள், நல்ல சொல். லினக்ஸிலும் மேக்கிலும் இப்படி ஒரே மையப் பதிவேடு கிடையாது. அங்கே அமைப்புக் குறிப்புகள் இன்றும் தனித்தனிக் கோப்புகளில்தான் இருக்கின்றன.

உள்ளே எப்படி இருக்கிறது?

நிலத்துக்குப் பட்டா எடுத்தவர்களுக்கு ரெஜிஸ்ட்ரியின் அமைப்பு உடனே புரிந்துவிடும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று படிப்படியாக இறங்கினால் கடைசியில் ஒரு வரி கிடைக்கும்: உரிமையாளர் பெயர், பரப்பு, நிலத்தின் வகை. ரெஜிஸ்ட்ரியிலும் அப்படித்தான் இறங்குகிறோம். இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ‘கீ’ என்று பெயர். பார்ப்பதற்குக் கோப்புறை போலவே இருக்கும். ஒரு கீக்குள் வேறு கீகள் இருக்கலாம். கீயின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் வரிக்கு ‘வேல்யூ’, அதாவது மதிப்பு, என்று பெயர். ஒவ்வொரு மதிப்புக்கும் மூன்று கூறுகள் உண்டு: அதன் பெயர், அது எந்த வகைத் தரவு, அந்தத் தரவு. எழுத்துத் தொடர், 32 பிட் எண், பைனரி என வகைகள் சில இருக்கின்றன. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துத் தொடர் இருந்தால், அதைப் படிக்க வரும் மென்பொருள் குழம்பிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் நேரிலேயே பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது (ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்). ஹெச்கீ லோக்கல் மெஷின் என்ற மேல்நிலைக் கீயில் தொடங்கி, சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கீபோர்டு லேஅவுட்ஸ் என்று இறங்குங்கள். அங்கே எண்களைப் பெயராகக் கொண்ட கீகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் 00000449 என்பதைத் திறந்தால் ‘லேஅவுட் டெக்ஸ்ட்’ என்ற மதிப்பில் ‘தமிழ்’ என்று ஆங்கில எழுத்துகளில் எழுதியிருக்கும். இந்தியத் தமிழுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எண் 0449. அமெரிக்க ஆங்கிலத்துக்கு 0409. நீங்கள் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும்போது, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கோப்பைக் கணினி தேடுகிறதே, அது இந்தக் கீயைப் படித்துத்தான். இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது. அத்தனை பெரிய பதிவேட்டில் நம் மொழிக்கும் ஒரு புல எண் இருக்கிறது.

மேல்மட்டத்தில் ஐந்து கீகள் தெரியும். வாசல் ஐந்து, வீடு இரண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி முழுவதற்கும் பொதுவான செய்திகள் லோக்கல் மெஷினில் இருக்கின்றன: வன்பொருள், இயக்கி மென்பொருள்கள், எல்லாருக்குமாக நிறுவிய மென்பொருள்கள். ஒவ்வொரு பயனருக்கும் உரியவை யூசர்ஸ் என்பதில் இருக்கின்றன. கரன்ட் யூசர் என்பது, அந்த யூசர்ஸுக்குள் இப்போது உள்நுழைந்திருப்பவரின் பகுதிக்கு நேரே திறக்கும் வாசல். மற்ற இரண்டும்கூட இந்த இரு வீடுகளில் இருப்பதையே வேறு கோணத்தில் காட்டுபவை. உங்கள் மேசைப் பின்னணிப் படத்தை மாற்றினால் கரன்ட் யூசரில் எழுதப்படும். அதே கணினியில் உங்கள் மகள் வேறு கணக்கில் நுழைந்தால் அவருடைய படம் தனியே இருக்கும். ஐஎன்ஐ காலத்துச் சிக்கல் இப்படித்தான் தீர்ந்தது.

இவையெல்லாம் வன்தட்டில் சில கோப்புகளாகக் கிடக்கின்றன. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று போனால் சிஸ்டம், சாஃப்ட்வேர், எஸ்ஏஎம், செக்யூரிட்டி, டிஃபால்ட் ஆகிய பெயர்களில் அவற்றைக் காணலாம். பயனருக்கு உரியது அவரவர் கோப்புறையில் மறைந்திருக்கும். இந்தக் கோப்புகளுக்கு ‘ஹைவ்’, அதாவது தேன்கூடு, என்று பெயர். விண்டோஸ் என்டியை உருவாக்கியவர்களில் ஒருவருக்குத் தேனீக்கள் என்றாலே ஆகாதாம். ரெஜிஸ்ட்ரியை எழுதியவர் அவரைச் சீண்டுவதற்காகவே அந்தப் பெயரை வைத்தார், உள்ளே தரவு இருக்கும் சிறு பகுதிகளுக்கும் கூட்டறை என்று பொருள்படும் ‘செல்’ என்ற பெயரைக் கொடுத்தார் என்று மைக்ரோசாஃப்டின் நெடுநாள் ஊழியர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

மிச்ச வரிகள் வேகத்தைக் குறைக்குமா?

ஒரு மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் வரிகள் சில ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவது உண்மைதான். கிளீனர்கள் ‘பிழை’ என்று எண்ணிக் காட்டுவதில் பெரும்பகுதி இவையே: இப்போது இல்லாத ஒரு கோப்பைச் சுட்டும் பாதை, எந்த மென்பொருளும் உரிமை கோராத ஒரு கோப்பு வகை. இவற்றை யாரும் படிப்பதில்லை, அதனால் இவை எதையும் தடுப்பதும் இல்லை.

தடுக்காது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கீயின் கீழுள்ள கீகளின் பெயர்கள் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அகராதியில் ‘மழை’ என்ற சொல்லைத் தேட நாம் ‘அ’விலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. நடுவில் திறக்கிறோம், முன்னா பின்னா என்று பார்க்கிறோம், பாதியைத் தள்ளிவிடுகிறோம். விண்டோஸும் அப்படித்தான் தேடுகிறது. இம்முறையில் பத்து லட்சம் பெயர்கள் உள்ள வரிசையில்கூட 20 ஒப்பீடுகளில் வேண்டியது கிடைத்துவிடும். லட்சக்கணக்கான வரிகள் உள்ள பதிவேட்டில் 1,346ஐ நீக்கியதால் அந்த 20, 19 ஆகக்கூட ஆகாது. இடமாவது மிச்சமாகுமா என்றால், ஒரு வரிக்கு 200 பைட் என்று வைத்தாலும் மொத்தம் 270 கிலோபைட்கூட வராது. கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

அப்படியானால் ‘ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் வேகம் கூடும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு காலம் இருந்தது. 1990களில் 16, 32 மெகாபைட் நினைவகத்தோடு ஓடிய கணினிகளில் ரெஜிஸ்ட்ரியின் பருமன் உண்மையிலேயே சுமையாக இருந்தது. விண்டோஸ் 98இல் ஸ்கேன்ரெக் என்ற கருவியையே சேர்த்துக் கொடுத்தார்கள்; அது ரெஜிஸ்ட்ரியைச் சோதித்து, வழக்கமாக ஐந்து காப்பு நகல்களை வைத்திருக்கும். விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு வரம்பும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியோடு அந்த வரம்பு போய்விட்டது. அறிவுரை மட்டும் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மைக்ரோசாஃப்டே 1990களில் ரெக்கிளீன் என்ற கருவியை வெளியிட்டுப் பின்னர் விலக்கிக்கொண்டது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்பதே இன்று அந்நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு.

பயன் இல்லை என்பதோடு நின்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். இதில் தீங்கும் இருக்கிறது. ஒரு வரி தேவையா இல்லையா என்பது அதை எழுதிய மென்பொருளுக்குத்தான் தெரியும், கிளீனர் ஊகிக்கிறது. சுட்டப்படும் கோப்பு இந்த நொடியில் இல்லை என்பதால் அந்த வரி வீண் என்று முடிவு கட்டுகிறது. அந்தக் கோப்பு இப்போது செருகாத பென்டிரைவில் இருக்கலாம், அலுவலக நெட்வொர்க்கின் பகிர்வில் இருக்கலாம். மிச்ச வரி ஒன்று இருந்தால் நட்டமில்லை. வேண்டிய வரி ஒன்று போனால் மென்பொருளே திறக்காது. பதிவேட்டில் நம் பெயர் இருந்த வரியை யாரோ அடித்துவிட்டால் நிலம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

2017 செப்டம்பரில் வெளியான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். சிகிளீனர் என்ற புகழ்பெற்ற கருவியின் 5.33 பதிப்புக்குள், அதைத் தயாரித்தவர்களே அறியாமல், ஊடுருவல்காரர்கள் தீநிரலைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தினர். அந்தத் தீநிரல் தன் குறிப்புகளை எழுதி வைத்த இடம் ரெஜிஸ்ட்ரிதான். முறையான நிறுவனத்தின் கருவிக்கே இப்படி நேர முடியுமென்றால், யார் செய்தது என்றே தெரியாத இலவசக் கிளீனருக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

கவனிக்க வேண்டிய இடங்கள்

ரெஜிஸ்ட்ரியில் கணினியின் வேகத்தை உண்மையில் பாதிக்கும் இடம் ஒன்று உண்டு. கரன்ட் யூசரிலும் லோக்கல் மெஷினிலும் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன் என்று இறங்கினால் வரும் ‘ரன்’ என்ற கீ அது. அதில் எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் நீங்கள் உள்நுழைந்தவுடன் தானாகத் தொடங்கும். பிரிண்டர் நிறுவனத்தின் உதவியாளர், அரட்டைச் செயலி, என்றோ ஒருநாள் நிறுவிய படத் திருத்தி என்று எல்லாரும் இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். தீநிரல்களுக்கும் இது பிடித்த இடம், ஏனெனில் ஒரு வரி எழுதினால் போதும், கணினி எப்போது திறந்தாலும் அவையும் எழுந்துவிடும்.

இதைச் சீர்செய்ய ரெஜிஸ்ட்ரியைத் தொடவே வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், தொடக்கத்திலேயே வேண்டாதவற்றை முடக்குங்கள். முடக்கும்போது விண்டோஸ் ரன் கீயில் உள்ள வரியை அழிப்பதில்லை. ‘இதை இயக்காதே’ என்று வேறோர் இடத்தில் குறித்துக்கொள்கிறது. தவறாக முடக்கிவிட்டால் மீண்டும் இயக்கினால் போதும். சற்றுப் பழகியவர்கள் ஆட்டோரன்ஸ் என்ற கருவியைப் பார்க்கலாம். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸின் படைப்பு அது. 2006இல் அந்நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. தானாகத் தொடங்கும் அனைத்தையும், ரன் கீயில் இல்லாதவற்றையும்கூட, அது பட்டியலிட்டுக் காட்டும். அங்கேயும் குறியை எடுத்துவிடுங்கள், அழிக்காதீர்கள்.

மிச்ச வரிகள் சேராமல் இருக்க, மென்பொருளை முறைப்படி நீக்குவதே வழி. நிறுவும்போதே ஒவ்வொரு மென்பொருளும் ‘என்னை நீக்க இந்தக் கட்டளையை இயக்கு’ என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் என்று சொன்னால் அந்தக் கட்டளை ஓடும். எழுதியவரே தம் வரிகளை எடுத்துக்கொண்டு போவார். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நுழைந்து கோப்புறையை மட்டும் அழித்தால், வரிகள் அனாதையாக நின்றுவிடும். நிறுவும் நேரத்திலும் அவசரம் வேண்டாம். ‘நெக்ஸ்ட்’ என்று மளமளவென அழுத்தும்போதுதான் கேட்காத உலாவிப் பட்டைகளும் ‘வேகம் கூட்டி’களும் உள்ளே வருகின்றன. என் அனுபவத்தில், வீட்டுக் கணினிகளில் நான் நீக்க நேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி ஒட்டிக்கொண்டு வந்தவை.

நீங்களே திருத்த வேண்டி வந்தால்

எப்போதாவது ஒரு வழிகாட்டி, இந்த மதிப்பை இப்படி மாற்று என்று சொல்லும். அதற்கான கருவி ரெஜெடிட். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ரெஜெடிட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும். ஒன்றை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்: அதில் ‘சேமி’ பொத்தான் கிடையாது, ‘முந்தைய நிலைக்குத் திரும்பு’ என்பதும் கிடையாது. மாற்றிய நொடியிலேயே மாற்றம் பதிவாகிவிடும்.

ஆகவே கைவைக்கும் முன் அந்தக் கீயைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் என்று சொல்லி ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் அந்த நகலை இருமுறை சொடுக்கினால் பழைய மதிப்புகள் திரும்ப எழுதப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு: நகல் எடுத்த பிறகு நீங்கள் புதிதாகச் சேர்த்த மதிப்புகளை அது நீக்காது. பழையதைப் புதியதன்மேல் எழுதுமே தவிர, கூடுதலாக வந்ததைத் துடைக்காது. சேர்த்ததை நீங்களேதான் நீக்க வேண்டும்.

பழகிப் பார்க்க விரும்பினால் ஒரு தீங்கில்லாத இடம் சொல்கிறேன். கரன்ட் யூசரில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று இறங்கினால் ‘மெனு ஷோ டிலே’ என்ற மதிப்பு இருக்கும். துணைப் பட்டியல் விரிவதற்கு முன் எத்தனை மில்லிநொடி காத்திருக்க வேண்டும் என்பது அது; வழக்கமாக 400. நகல் எடுத்துவிட்டு அதை 100 ஆக்கி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது கிடைக்கும் நகல் ஒரு ‘ரெக்’ கோப்பு; இணையத்தில் கிடைக்கும் ரெக் கோப்புகளை ஒருபோதும் நேராகச் சொடுக்காதீர்கள். அவை வெறும் உரைக் கோப்புகள். முதலில் நோட்பேடில் திறந்து படியுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு கீயின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீயையும் அதன் கீழுள்ள அனைத்தையும் அழி என்று பொருள். அந்த ஒரு சிறு கோட்டைப் பார்க்கத் தவறியதால் கணினியை முழுதாக மீண்டும் நிறுவியவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய மாற்றங்களுக்கு முன் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை, அதாவது பிழை நேர்ந்தால் கணினியின் அமைப்புகளைத் திருப்பிக் கொண்டுவர உதவும் பதிவை, உருவாக்குங்கள். தொடக்கப் பட்டியின் தேடலில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட் என்று தட்டினால் அதற்கான பெட்டி வரும். சி டிரைவுக்குப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று அங்கேயே பாருங்கள். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கிறது. முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியின் நகலை ரெக்பேக் என்ற கோப்புறையில் வைத்திருக்கும். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து, வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக, அதை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தக் கோப்புறையைத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் இருக்கலாம், அளவு பூஜ்யமாகக் காட்டும். பழைய வழிகாட்டிகளை நம்பி அதை எதிர்பார்க்காதீர்கள்.

அக்காவின் கணினியில் நல்லவேளையாகப் பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு வந்தபோது உருவான ரீஸ்டோர் பாயின்ட் இருந்தது. அதற்குத் திரும்பினோம். அரை மணி நேரத்துக்கும் மேல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரிமமும் ஸ்கேனரும் வந்த பிறகுதான் தேநீரைக் கையில் எடுத்தார். மெதுவாக இருந்ததன் காரணத்தை அடுத்துத் தேடினோம். தொடக்கத்தில் 14 மென்பொருள்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் மூன்று மட்டுமே கடைக்குத் தேவை. வன்தட்டு பழைய சுழலும் வகை. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்தினோம். கடை திறந்து விளக்கேற்றுவதற்குள் கணினி தயாராகிவிடுகிறது என்று சொன்னார். அந்த 1,346 வரிகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.